‘அவனுக்குப் படிப்பு ஏறல’: மும்பைத் தமிழ்ப் பையன்களும் பெற்றோர் சொல்லும் காரணங்களும்

மகாராஷ்டிரத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வான எஸ்.எஸ்.சி.யின் முடிவு வரும் நாளில் மும்பைச் செய்தித்தாள்களின் தலைப்பைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்: மாணவிகள் மீண்டும் முன்னிலை. 2023இல் தேர்ச்சி பெற்ற மாணவிகள் 95.87 விழுக்காடு, மாணவர்கள் 92.05. 2024இல் 97.21க்கு 94.56. 2025இல் 96.14க்கு 92.31. தமிழ்நாட்டிலும் இதே கதைதான். 2025 பத்தாம் வகுப்புத் தேர்வில் மாணவிகள் 95.88, மாணவர்கள் 91.74. மூன்று, நான்கு விழுக்காடு பெரிதாகத் தெரியாது. ஆனால் மகாராஷ்டிரத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 15 லட்சம் பிள்ளைகள் எழுதும் தேர்வு இது. அதுவும் தேர்வு மண்டபம் வரை வந்து சேர்ந்தவர்களின் கணக்கு. எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ பள்ளிப் பையைப் பரணில் போட்டுவிட்டு வேலைக்குப் போனவன் இந்த விழுக்காடு எதிலும் வரமாட்டான்.

அவன் ஏன் போனான் என்று அவனைப் பெற்றவர்களிடம் கேட்டால் என்ன சொல்கிறார்கள், அந்தப் பதில்களில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. களம், மும்பையில் தமிழர் செறிந்து வாழும் மூன்று பகுதிகள். தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வந்து குடியேறியவர்களின் தாராவி ஒன்று. 1932இல் சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டியைத் தொடங்கி, கல்வியையே குடும்பச் சொத்தாகக் கருதிய எழுத்தர்களும் கணக்கர்களும் வாழ்ந்த மாட்டுங்கா இன்னொன்று. மூன்றாவது செம்பூர் வட்டாரம். அங்கே அணு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானியும் இருக்கிறார், அந்த மையத்துக்காக ஜனதா காலனியிலிருந்து 1976இல் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சீத்தா கேம்ப்பில் கொண்டுபோய் விடப்பட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

மூன்று இடத்திலும் பெற்றோர் ‘பையன் படிக்கலை’ என்றுதான் சொல்வார்கள். ஆனால் மாட்டுங்காவில் அதன் பொருள், 95 எதிர்பார்த்த இடத்தில் 82 வந்துவிட்டது என்பது. செம்பூரில், சயன்ஸ் கிடைக்காமல் காமர்ஸில் சேர்ந்து அங்கும் தத்தளிக்கிறான் என்பது. தாராவியில், ஒன்பதாவதோடு நின்றுவிட்டான் என்பது. மூன்றையும் ஒரே நோயாகப் பேசுவது தவறு. முதலில் தாராவியைப் பார்க்கலாம். அங்கேதான் இழப்பு அதிகம்.

அங்கே அதிகம் கேட்கும் பதில் ஒன்று உண்டு. “அவனுக்குப் படிப்பு ஏறல.” கோபமாக அல்ல, கிட்டத்தட்ட ஜாதகத்தில் இருப்பதைச் சொல்வதுபோலச் சொல்வார்கள். இந்தப் பதில் தாராவிக்கு மட்டும் சொந்தமானதல்ல. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளைப் பற்றி அவர்கள் ஏன் நின்றார்கள் என்று வீடுகளில் கேட்டார்கள். ‘படிப்பில் நாட்டமில்லை’ என்ற பதில் பையன்கள் விஷயத்தில் 35.7 விழுக்காடு, பெண்பிள்ளைகள் விஷயத்தில் 21.4 விழுக்காடு. நாட்டின் பெரிய ஆய்வுகளில் ஒன்று, மிகப் பெரிய பதில், ஆனால் அதிலிருந்து நமக்குத் தெரியவருவது மிகக் குறைவு. நாட்டம் பிறவியிலேயே இல்லாமல் போவதில்லை. ஆறு வயதில் எல்லாப் பையன்களும் பள்ளிக்கூடத்துக்குப் புதுப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள்தான். ‘நாட்டமில்லை’ என்பதைக் காரணமாக எடுத்துக்கொண்டால் ஆராய்ச்சி அங்கேயே முடிந்துவிடும். அது ஒரு நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணி என்பது என் வாதம். முந்தைய கண்ணிகள் பெற்றோரின் மற்றப் பதில்களில் சிதறிக் கிடக்கின்றன. சில கண்ணிகளை அவர்கள் வாயால் சொல்வதே இல்லை.

“எட்டாவது வரைக்கும் சும்மா பாஸ் போட்டு அனுப்பிட்டாங்க, ஒம்பதாவதுல கழுத்தப் புடிச்சுத் தள்ளுதாங்க.” இது அடுத்த பதில். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. 2019இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. மகாராஷ்டிரம் 2023இல் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கு மீண்டும் தேர்வைக் கொண்டுவந்தது. பெற்றோரின் மனக்குறையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர்கள் நினைப்பதுபோல ஃபெயில் போட்டிருந்தால் பையன் படித்திருப்பானா? பழைய காலத்தில் ஐந்தாம் வகுப்பில் இரண்டு முறை உட்காரவைக்கப்பட்டவன் மூன்றாம் முறை பள்ளிப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நிறுத்திவைக்காதது குற்றமல்ல, வீட்டுக்குச் சொல்லாததுதான் குற்றம். ஆண்டுதோறும் அறிக்கையில் ஒரு கிரேடு வந்தது. அந்தக் கிரேடுக்குப் பின்னால் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வராது என்ற செய்தி ஒளிந்திருந்ததை யாரும் தாயிடம் விளக்கவில்லை.

இதைக் கிட்டத்தில் பார்த்தால் திகைப்பாக இருக்கும். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் நோட்டு. கோடு தாண்டாத முத்து முத்தான கையெழுத்து, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் டிக். வாசி என்றால் கடகடவென்று ஒப்பிக்கிறான். நடுவில் ஒரு வரியில் விரல் வைத்து இங்கிருந்து வாசி என்றால் நின்றுவிடுகிறான். மீண்டும் முதல் வரிக்குப் போய் அங்கிருந்து ஒப்பித்துக்கொண்டு வந்தால்தான் அந்த வரி அவனுக்குக் கிடைக்கும். கரும்பலகையில் இருப்பதைப் படம் வரைவதுபோல வரையக் கற்றிருக்கிறான், வாசிக்கக் கற்கவில்லை. அம்மா அந்த நோட்டைப் பார்த்து, “நல்லாத்தான எழுதுதான்” என்று நிம்மதியாக இருந்திருக்கிறார். அறிவியல், வரலாறு, கணக்கு எல்லாமே வாசித்துப் புரியவேண்டிய பாடங்களாகும் ஏழாம், எட்டாம் வகுப்பில் இவன் வகுப்பறையில் என்ன செய்வான்? பின்வரிசைக்குப் போவான். சேட்டை செய்வான். பிறகு பள்ளிக்கு வருவதைக் குறைப்பான். அப்போதுதான் ‘நாட்டமில்லை’ என்ற சொல் வீட்டுக்குள் வருகிறது.

இதற்கு மருந்து மும்பையிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டது என்பதைத் தமிழ்ப் பெற்றோர் அறிந்திருக்கவேண்டும். 1990களின் நடுவில் மும்பையின் குடிசைப் பகுதிகளில் தொடங்கிய பிரதம் அமைப்பு, மாநகராட்சிப் பள்ளிகளில் மூன்றாம், நான்காம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணிநேரம் தனியே அழைத்து அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தது. சொல்லிக்கொடுத்தவர்கள் அதே பகுதியைச் சேர்ந்த இளம்பெண்கள், பால்சகி என்று பெயர். மும்பையிலும் வடோதராவிலும் நடந்த இந்த முயற்சியை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் 2001 முதல் அளந்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். மிகவும் பின்தங்கியிருந்த பிள்ளைகளே அதிகம் முன்னேறியிருந்தார்கள். செலவோ சொற்பம். எட்டாம் வகுப்பில் மலைபோல நிற்பது மூன்றாம் வகுப்பில் மேடாகத்தான் இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

சரி, இந்த ஓட்டைப் பள்ளியில்தானே பெண்பிள்ளைகளும் படிக்கிறார்கள்? அவர்கள் எப்படித் தப்புகிறார்கள்? முழுவதும் தப்பவில்லை, ஆனாலும் வேறுபாடு இருக்கிறது. 14 முதல் 18 வயது வரையிலான கிராமப்புறப் பிள்ளைகளிடம் 2023இல் நடந்த ‘ஏசர்’ என்னும் கல்வி நிலை ஆய்வில், இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தாய்மொழியில் சரளமாக வாசித்த பெண்பிள்ளைகள் 76 விழுக்காடு, பையன்கள் 70.9. கணக்கிலும் ஆங்கில வாசிப்பிலும் பையன்களே மேல். பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் 2022 பைசா தேர்வும் இதே திசையைத்தான் காட்டுகிறது. வாசிப்பில் ஓ.இ.சி.டி. அமைப்பின் உறுப்பு நாடுகளில் மாணவிகள் சராசரியாக 24 புள்ளிகள் முன்னால், கணக்கில் மாணவர்கள் 9 புள்ளிகள் முன்னால். ஆக, பையன்களின் சிக்கலின் வேர் வாசிப்பில் இருக்கிறது.

“பொட்டப்புள்ள அது பாட்டுக்குப் படிச்சிக்கிடுது, இவன் ஒரு எடத்துல இருக்க மாட்டேங்கான்.” திருநெல்வேலித் தமிழ் மாறாமல் தாராவியில் இதைச் சொல்லாத தாய் இல்லை. இயல்பிலேயே ஆண்பிள்ளை அப்படித்தான் என்பது இதன் உட்பொருள். முழுப்பொய்யல்ல. ஏஞ்சலா டக்வொர்த்தும் மார்ட்டின் செலிக்மனும் 2006இல் அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் செய்த ஆய்வில், மாணவிகள் மதிப்பெண்ணில் முந்துவதற்கு அவர்களது சுயகட்டுப்பாடு ஒரு காரணம் என்று கண்டார்கள். ஆனால் இயல்பு மட்டுமே காரணமென்றால் மாட்டுங்காவிலும் தாராவியிலும் அது ஒரேமாதிரி வேலை செய்யவேண்டும். ஒரு தெருவைத் தாண்டியதும் பையன்களின் இயல்பு மாறிவிடுமா? மாறுவது வீடு.

தாராவி வீட்டின் அளவைப் பலர் எழுதிவிட்டார்கள், அதன் நேர அட்டவணையை யாரும் எழுதவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, மேலே ஒரு பரண். மாலை ஆறு மணிக்கு அம்மா அடுப்படியில். அக்காவுக்கு உடை மாற்றவேண்டும். “லே, கொஞ்சம் வெளிய போயிட்டு வா” என்று பையனிடம் சொல்கிறார்கள். எட்டு வயதில் தொடங்கும் இந்தச் சொல் பன்னிரண்டு வயதில் சொல்லாமலே நடக்கும் பழக்கமாகிவிடுகிறது. அப்பா வேலையிலிருந்து வந்து கால்நீட்டினால் இன்னும் இடம் குறைகிறது. பையன் இரவு பத்தரை, பதினொன்றுக்குத் தூங்கத்தான் வருகிறான். அக்கா அந்த நேரமெல்லாம் அறையில் இருந்தாகவேண்டும். வெளியே போக அவளுக்கு அனுமதி இல்லை. தண்ணீர் பிடிப்பாள், பாத்திரம் துலக்குவாள், தம்பியைவிட இரண்டு மடங்கு வேலை செய்வாள், மிச்ச நேரத்தில் டியூப்லைட்டுக்கு அடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். பெண்ணைக் கட்டிப்போட்டு, பையனை அவிழ்த்துவிட்டு, பிறகு இரண்டையும் பிறவிக்குணம் என்று சொல்கிறோம். பெண்ணின் தேர்ச்சியில் அவளது சிறையும் கலந்திருக்கிறது. பையனின் தோல்வியில் அவனுக்கு நாம் கொடுத்த சுதந்திரம் என்னும் கைவிடலும் கலந்திருக்கிறது. பெற்றோர் வாயில் வராத முதல் காரணம் இது.

“சேர்க்கை சரியில்ல” என்ற பதிலையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்கவேண்டும். தெருமுனை நாக்காவில் நிற்கும் நான்கு பையன்களின் பெற்றோரைக் கேட்டால், நால்வருமே மற்ற மூவரைக் குறைசொல்வார்கள். இடமில்லாமல் வெளியே வந்த நால்வர் சேர்ந்ததுதான் அந்தச் சேர்க்கை. பால் வில்லிஸ் 1977இல் இங்கிலாந்துத் தொழிற்பேட்டைப் பையன்களைப் பற்றி எழுதிய நூல் இதைப் புரிந்துகொள்ள உதவும். பள்ளியைக் கேலி செய்வதையே ஆண்மையாகக் கொண்ட அந்தப் பையன்கள், தங்கள் தந்தையரின் ஆலை வேலைக்கே விரும்பிப் போனார்கள். படிப்பவன் அவர்களுக்குப் பெண்தன்மை கொண்டவன். தாராவியில் இந்த மனப்பான்மைக்குச் சினிமாவும் கைகொடுத்தது. 1987இன் ‘நாயகன்’ முதல் 2018இன் ‘காலா’ வரை திரையில் தாராவியின் தமிழ் நாயகன் தன் மக்களைக் காத்தான். அவன் கையில் பரீட்சைத் தாள் இருந்ததில்லை.

கைபேசியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஏசர் கணக்கில் ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களுள் அதைச் சொந்தமாக வைத்திருந்தவர்கள் பையன்களில் 43.7 விழுக்காடு, பெண்பிள்ளைகளில் 19.8. போனை வாங்கிக்கொடுத்தவர்களே போனைக் குறைசொல்கிறார்கள். அதோடு, கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் மூடிய மும்பைப் பள்ளிகள் எட்டாம் வகுப்பிலும் அதற்கு மேலும் படிப்பவர்களுக்கு 2021 அக்டோபர் 4 அன்றுதான் திறந்தன. அந்த ஒன்றரை ஆண்டில் கூலிவேலை பார்த்துப் பழகிய பையன் திரும்பி வந்து பெஞ்சில் உட்காருவது கடினம்.

வேலைதான் அடுத்த கண்ணி. இதில் பெற்றோரைக் குறைசொல்லும் முன் அவர்கள் போடும் கணக்கை மதித்துப் பார்க்கவேண்டும். மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் விடியுமுன் இட்லி அவித்து, அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி நகரமெங்கும் விற்கும் தமிழ்க் குடும்பங்களில் பையன் கைகொடுக்காமல் தொழில் நடக்காது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 14 வயதுக்குட்பட்ட பிள்ளை பள்ளி நேரத்துக்கு வெளியே குடும்பத் தொழிலில் உதவலாம் என்கிறது. பள்ளி நேரத்துக்கு வெளியே என்பது அதிகாலை நான்கு மணியையும் குறிக்கும் என்று அதை எழுதியவர்கள் நினைத்துப் பார்த்தார்களா தெரியவில்லை. ஏசர் 2023இன்படி மாதத்தில் 15 நாளாவது வீட்டுவேலை அல்லாத வேலை செய்த பையன்கள் 40.3 விழுக்காடு, பெண்பிள்ளைகள் 28.

இதைவிட ஆழமானது, வேலைச்சந்தை பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்த பாடம். 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி நகர்ப்புறத்தில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 75.6 விழுக்காட்டினர் வேலையிலோ வேலை தேடிக்கொண்டோ இருக்கிறார்கள், பெண்களில் 28 விழுக்காட்டினர். பத்தாவது ஃபெயிலான பையனுக்குப் பட்டறையிலோ கூரியரிலோ ஒரு வேலை இருக்கிறது. 18 வயதானால் பைக், உணவு டெலிவரி. பத்தாவது ஃபெயிலான பெண்ணுக்கு அடுத்தவர் வீட்டில் பாத்திரம் துலக்கும் வேலைதான், இல்லையென்றால் கல்யாணம். அதனால் சான்றிதழ் பெண்ணுக்கு உயிர், பையனுக்கு வசதி. தந்தையரின் நினைவும் இதையே சொல்கிறது. மில்லிலும் துறைமுகத்திலும் தோல் கிடங்கிலும் வேலை செய்த தலைமுறைக்குப் பத்தாம் வகுப்பு தேவைப்படவில்லை. 1982 வேலைநிறுத்தத்துக்குப் பின் மில்கள் போயின, தோல் கிடங்குகளும் குறைந்தன, ஆனால் ‘ஆம்பளப்புள்ள எப்படியும் பொழச்சிக்கிடுவான்’ என்ற வாக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. டெலிவரி வேலையில் 20 வயதில் கிடைக்கும் கூலிக்கும் 40 வயதில் கிடைக்கும் கூலிக்கும் வேறுபாடு கிடையாது. மில் வேலையில் அந்த வேறுபாடு இருந்தது, நிரந்தரம் இருந்தது, கிராஜுவிட்டி இருந்தது. கணக்கின் இந்தப் பாதி பெற்றோருக்குக் காட்டப்படவில்லை.

மொழியைப் பற்றிய பதில் தயக்கத்தோடு வரும். “இங்கிலீஷ் மீடியத்துல போட்டோம், தப்புப் பண்ணிட்டோமோ என்னமோ.” மும்பை மாநகராட்சி தமிழ் உள்ளிட்ட எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. பல குடும்பங்களில் பெண்ணைத் தமிழ்வழி மாநகராட்சிப் பள்ளியிலும் பையனைக் கட்டணம் கட்டிச் சிறிய தனியார் ஆங்கிலப் பள்ளியிலும் சேர்க்கிறார்கள். பையனுக்குத்தான் அதிகம் செலவழிக்கவேண்டும் என்பது அன்பின் கணக்கு. அது பல நேரம் பையனுக்கே எதிராகத் திரும்புகிறது என்பது என் கருத்து. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, 2020 சட்டப்படி எல்லாப் பள்ளியிலும் கட்டாயமான மராத்தி, பாடப்புத்தகத்தில் ஆங்கிலம். நான்கில் எதிலும் ஒரு பத்தி முழுதாக வாசித்து அறியாமல் வளரும் பையன் உண்டு. தமிழ்வழியில் படிக்கும் அவன் அக்காவோ நான்காம் வகுப்பிலேயே அம்மாவுக்கு ரேஷன் அட்டையை வாசித்துக் காட்டுகிறாள். பெற்றோரின் பயம் வெறும் மோகமல்ல. பத்தாம் வகுப்புக்குப் பின் மும்பைக் கல்லூரியில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் படிக்கவேண்டும். ஆனால் ஒரு மொழியில் வாசிப்பு கைவந்தவன் இரண்டாவது மொழிக்குப் போவது எளிது. எந்த மொழியிலும் வராதவனுக்கு எந்தப் பள்ளியும் ஒன்றுதான்.

“டீச்சர், கண்ணு ரெண்டையும் விட்டுட்டு எங்க வேணாலும் அடிங்க.” இன்றைக்கும் பள்ளி வாசலில் இதைச் சொல்லும் அப்பாக்கள் இருக்கிறார்கள். அடி குறைந்ததால்தான் பையன்கள் கெட்டார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. இதை மட்டும் நான் முழுமையாக மறுக்கிறேன். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடியைத் தடைசெய்கிறது. பையன்கள் பள்ளியிலிருந்து விலகுவதைப் பற்றி யுனெஸ்கோ 2022இல் வெளியிட்ட உலக அறிக்கை, அவர்களைத் துரத்தும் காரணங்களில் ஒன்றாக அடியைக் குறிப்பிடுகிறது. அந்த அறிக்கையின்படி பள்ளிக்கு வெளியே இருக்கும் பையன்கள் உலகில் 13.2 கோடி. பள்ளியில் அடி, வீட்டில் அடி, தெருவில் மட்டும்தான் அடியில்லாமல் தோளில் கை விழுகிறது என்றால் பையன் எங்கே போவான்?

மாட்டுங்காவிலும் செம்பூரின் அடுக்ககங்களிலும் பேச்சு வேறு. “அவனுக்கு போகஸே இல்லே, புத்திசாலிதான், ஆனா உக்கார மாட்டேங்கறான்.” அங்கே பையன் ஃபெயிலாவதில்லை, அக்காவுக்குப் பின்னால் வருகிறான். ஆனால் நுழைவுத்தேர்வு என்றதும் படம் மாறுகிறது. ஐ.ஐ.டி.களில் பெண்கள் மிகக் குறைவாக இருந்ததால்தான் 2018 முதல் அவர்களுக்குக் கூடுதல் இடங்கள் ஏற்படுத்தப்பட்டன. மாட்டுங்காவிலேயே இருக்கும் வி.ஜே.டி.ஐ. போன்ற பொறியியல் கல்லூரிக்குப் பையனைத் தயார்செய்ய எட்டாம் வகுப்பிலிருந்தே கோச்சிங் வைக்கும் வீட்டில், பெண்ணுக்கு அதே பணம் கட்டுவார்களா என்று கேட்டுப் பார்க்கவேண்டும். ஆகவே பையன்கள் பின்தங்குகிறார்கள் என்று மொத்தமாகச் சொல்வது சரியில்லை. அவர்கள் இரண்டு நுனியிலும் இருக்கிறார்கள். மேல் நுனிக்குப் போகிறவன் மாட்டுங்காவிலும், கீழ் நுனிக்குப் போகிறவன் கூப்பிடு தூரத்தில் தாராவியிலும் இருக்கிறான் என்பதுதான் நம் சமூகத்தின் வெட்கம்.

ஒரே குறைபாட்டுக்கு இரண்டு இடத்தில் இரண்டு பெயர் கிடைப்பதையும் இங்கே சொல்லவேண்டும். தாராவியை ஒட்டியிருக்கும் சயான் மருத்துவமனையில் கற்றல் குறைபாட்டைக் கண்டறியும் சிறப்புப் பிரிவு நெடுநாளாக இயங்குகிறது. அங்கே பெறும் சான்றிதழைக் காட்டினால் எஸ்.எஸ்.சி. தேர்வில் கூடுதல் நேரம் உள்ளிட்ட சலுகைகள் உண்டு. 2007இல் ‘தாரே ஜமீன் பர்’ படம் வந்தபின் நடுத்தர வர்க்கம் இதை நன்றாகவே அறிந்துகொண்டது. இந்தக் குறைபாடுகளில் ஒன்றான டிஸ்லெக்சியா பையன்களிடம்தான் அதிகம் கண்டறியப்படுகிறது. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறும் மாட்டுங்காப் பையனுக்குப் பரிசோதனையும் சான்றிதழும் கிடைக்கின்றன. அதே சிக்கலுள்ள தாராவிப் பையன் மருத்துவமனையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வாழ்ந்தும் மக்கு என்ற பட்டத்தோடு வெளியேறுகிறான். அவன் தாயிடம் இப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்லவேண்டியது யார் வேலை?

அப்பாக்களுக்கு வருகிறேன். பெற்றோர் கருத்து என்று இதுவரை எழுதியது பெரும்பாலும் தாய்மாரின் கருத்து. பள்ளியில் பெற்றோர் கூட்டம் வேலைநாளில், பகல் பதினொரு மணிக்கு நடக்கிறது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எந்த அப்பாவும் வருவதில்லை. வீட்டில் புத்தகம் பிரித்த ஆணைப் பையன் பார்ப்பதே அபூர்வம். பள்ளி அவனுக்கு அம்மா, டீச்சர், அக்கா ஆகியோரின் உலகமாகத் தெரிகிறது. செம்பூரில் இருக்கும் டாட்டா சமூக அறிவியல் கழகமும் கோரோ அமைப்பும், ஐ.சி.ஆர்.டபிள்யூ. என்ற ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து 2008 முதல் மும்பை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆண்மை, வன்முறை, வீட்டுவேலை பற்றிப் பேசும் பாடத்திட்டம் ஒன்றை நடத்தின. அந்த வயதில் பேசினால் பையன்களின் எண்ணம் மாறுகிறது என்று கண்டார்கள். ‘வீட்டுவேலை பெண்ணுக்கு, வெளிவேலை ஆணுக்கு’ என்பது தளரும்போது ‘படிப்பு பெண்ணுக்கு’ என்பதும் சேர்ந்து தளரும் என்று நான் நம்புகிறேன்.

பையன்களின் பின்னடைவைத் தமிழ்நாடு அரசு வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டுவிட்டது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. அதே தொகையைப் பையன்களுக்கும் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில் தொடங்கப்பட்டது. நல்ல திட்டம். ஆனால் கல்லூரி வாசல் வரை வந்தவனுக்கே அது உதவும். கல்லூரியிலும் பெண்களே சற்று முன்னால்: அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் 2021-22இல் பெண்களின் சேர்க்கை விகிதம் 28.5, ஆண்களுடையது 28.3. இலங்கைப் பல்கலைக்கழகங்களிலும் ஜமைக்காவிலும் பெண்கள் முந்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. பெண்கள் முந்துவது யாருக்கும் நட்டமில்லை, அவர்கள் இன்னும் முந்தவேண்டும். எட்டாம் வகுப்பில் காணாமல்போகும் பையனை மீட்பதற்கு அக்காவின் இடத்தைப் பிடுங்கவேண்டியதில்லை. விட்டவன் திரும்பிவர வழிகளும் இருக்கின்றன. 17ஆம் எண் படிவம் நிரப்பித் தனித்தேர்வராக எஸ்.எஸ்.சி. எழுதலாம். தவறிய பாடத்துக்குத் துணைத்தேர்வு உண்டு. மும்பையின் இரவுப் பள்ளிகளும் இருக்கின்றன, 2008 முதல் மாசூம் என்ற அமைப்பு அவற்றுக்குத் துணைநிற்கிறது. பட்டறை முதலாளி ஏழு மணிக்கு விட்டால்தான் அங்கே போகமுடியும் என்பது வேறு விஷயம்.

மும்பைத் தமிழ்ச் சங்கங்களுக்குப் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் வலிமை இருக்கிறது. அந்த வலிமையில் ஒரு பங்கை வைத்து மூன்று காரியங்களைக் கேட்டு வாங்கமுடியும். மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையையும் புதிய பத்தி ஒன்றை வாசிக்கச் சொல்லி, வருகிறதா இல்லையா என்பதைக் கிரேடு எதுவும் இல்லாமல் பெற்றோரிடம் நேரில் சொல்வது முதலாவது. பெற்றோர் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கோ இரவு எட்டு மணிக்கோ மாற்றி அப்பாக்களைப் பெயர்சொல்லி அழைப்பது இரண்டாவது. மூன்றாவது, மாலையில் பூட்டிக்கிடக்கும் மாநகராட்சிப் பள்ளி அறைகளை இரவு பத்து மணி வரை படிப்பறைகளாகத் திறந்துவிடுவது. வீடு மாறினாலும் இந்தத் தேவை தீராது. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பங்களுக்கு 350 சதுர அடி வீடு என்கிறார்கள். ஐந்தாறு பேர் வாழும் 350 சதுர அடியிலும் பையனை “வெளிய போயிட்டு வா” என்றுதான் சொல்லப்போகிறார்கள். ஒவ்வொரு குடியிருப்புத் தொகுதியிலும் விளக்கும் மேசையும் உள்ள ஒரு பொது அறையைக் கட்டடங்கள் எழும்புவதற்கு முன்பே கேட்டுப் பதிவு செய்துவிட வேண்டும்.